தொகுத்தவரின் வாழ்க்கையை எழுதுவது: பெரியசாமித் தூரனை முன்வைத்து

கோவையில் வாழ்க்கை வரலாறு என்றால் பெரும்பாலும் இயந்திரத்தோடு புழங்கியவர்களின் கதைதான். ஜி.டி. நாயுடுவுக்கு அவிநாசி சாலையில் காட்சியகமே இருக்கிறது. காட்டுவதற்குப் பொருள் இருந்தால் சொல்வதற்குக் கதை தானாக வந்து சேரும். பெரியசாமித் தூரன் (1908–1987) விட்டுச்சென்றவற்றுள் பெரியவை இரண்டு கலைக்களஞ்சியங்கள், இருபது தொகுதிகள். அவற்றின் கட்டுரைகள் பல கைகள் எழுதியவை. இப்படிப்பட்டவரைப் பற்றி எழுத உட்காருபவர் உடனே ‘பன்முக ஆளுமை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். கவிஞர், சிறுகதையாளர், நாடகாசிரியர், இசைப்பாடலாசிரியர், பதிப்பாசிரியர் என்று பட்டியல் நீள்கிறது. பட்டியலில் பொய் இல்லை, வாழ்க்கையும் இல்லை. தூரனின் வாழ்வுக்கு நடுத்தூண் ஒன்று உண்டு, அது தொகுத்தல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சி வட்டாரத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். தூரன் என்பது கொங்கு வேளாளரின் கூட்டப் பெயர்களில் ஒன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படித்தவர், 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது இறுதித் தேர்வை எழுதவில்லை. வரலாற்றாசிரியர்கள் இந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அதன்பின் வந்த ஆசிரியப் பணி: முதலில் கோபிசெட்டிபாளையம், பிறகு அவிநாசிலிங்கம் தொடங்கிய கோவை இராமகிருஷ்ண வித்தியாலயம். நாட்டுப்புறப் பாடல்களைச் சேர்த்து ‘காற்றில் வந்த கவிதை’யாக்கியதும், பழைய ‘சுதேசமித்திரன்’ இதழ்களில் கிடந்த பாரதியின் எழுத்துகளைத் திரட்டி 1953இல் ‘பாரதி தமிழ்’ வெளியிட்டதும் ஒரே பழக்கத்தின் விளைவுகள்: சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி எடுத்து வரிசையில் வைப்பது. பாரதி பாடல்களைத் தேசியம், பக்தி என்று பொருள்வாரியாக அடுக்கிய காலத்தில் ஆண்டு, நாள் பார்த்து வைப்பது சிறிய காரியமில்லை. கவிஞரை விக்கிரகமாகப் பார்க்காமல், வளர்ந்து வந்த மனிதராகப் பார்க்கும் கண் அதற்கு வேண்டும்.

1946இல் அவிநாசிலிங்கத்தின் முயற்சியில் தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவானது. அதன் கலைக்களஞ்சியப் பணிக்குத் தூரன் பொறுப்பேற்றது 1948இல். அப்போது அவருக்கு வயது நாற்பது. முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாவது 1968இல். தொடக்கத்தில் ஆறு ஆண்டுகள் எதற்கு? அகரவரிசைக் களஞ்சியத்தின் உள்வேலையை நினைத்தால் விளங்கும். தலைப்பை ‘பௌதிகம்’ என்று வைத்தால் கட்டுரை பகரத்துக்குப் போகும், ‘இயற்பியல்’ என்றால் இகரத்துக்கு முன்னேறும். ‘ஜப்பா’னா ‘சப்பா’னா என்பதும் இடப் பிரச்சினைதான். கலைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது தொகுதியையே தேர்ந்தெடுப்பது. இகரத் தொகுதி அச்சேறிய பிறகு, “அடடா, அந்தச் சொல்லே நல்லது” என்று மனம் மாறினால் போக்கிடம் கிடையாது. பகரத்துக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் எழுதுமுன்பே அதன் பெயர் முடிவாகியிருக்க வேண்டும். தனித்தமிழா மணிப்பிரவாளமா என்று மேடைகளில் அனல் பறந்த காலம் அது. மேடையில் பேசியவர் மறுநாள் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், பதிப்பாசிரியருக்கு அந்தச் சலுகை இல்லை.

இது கூட்டு முயற்சிதானே, அவிநாசிலிங்கத்தின் நிறுவன வலிமையும் கட்டுரையாளர்களின் புலமையும் இல்லாமல் தூரன் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் 1968இல் இருக்கிறது. பத்தாம் தொகுதி முடிந்த அதே ஆண்டில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது; 1976 வரை அதிலும் பத்து. நிறுவனம் இட்ட வேலையாக மட்டும் இருந்திருந்தால் அறுபது வயதில், பத்மபூஷணும் கிடைத்த ஆண்டில், மறுபடி அகரத்திலிருந்து தொடங்குவாரா?

என் வாதத்துக்கு மசியாத பகுதி ஒன்று உண்டு. மார்கழிக் கச்சேரியில் சாவேரியில் ‘முருகா முருகா’ கேட்டு உருகும் ரசிகர்களில் பலருக்குக் கலைக்களஞ்சியம் தெரியாது. அறுநூறுக்கு மேற்பட்டவை என்று சொல்லப்படும் அவருடைய இசைப்பாடல்களைத் தொகுத்தலின் நீட்சி என்று நான் சொன்னால் அது சாமர்த்தியமாகத்தான் இருக்கும், உண்மையாக இருக்காது. அவற்றின் எளிய சொல்லாட்சிக்கு நாட்டுப்பாடல் கேட்ட காது காரணம் என்பதுவரை சொல்லலாம். பக்தி வேறு ஊற்று.

2022 முதல் தமிழ் விக்கி என்னும் இணையக் கலைக்களஞ்சியம் தூரன் பெயரில் விருது வழங்குகிறது. தன் முன்னோர் யார் என்று அது சரியாகக் கண்டுகொண்டிருக்கிறது. விழா நடப்பது ஈரோட்டில் என்பது இன்னும் பொருத்தம். ஆனால் விருதால் வரலாறு எழுதப்பட்டுவிடாது. எழுத வருகிறவர் துணுக்குச் செய்திகளை ஒதுக்கிவிட்டு, பெரியவர் களஞ்சியத்தையும் குழந்தைகள் களஞ்சியத்தையும் மேசையில் அருகருகே விரிக்கட்டும். ‘எறும்பு’, ‘மழை’ என்று ஏதாவது ஒரு தலைப்பை இரண்டிலும் படிக்கட்டும். எந்த வாக்கியம் விடப்பட்டது, எந்தச் சொல் மாறியது, எங்கே படம் வந்து விளக்கத்தின் இடத்தைப் பிடித்தது என்று குறித்துக்கொண்டே போனால், கையெழுத்துப் போடாத அந்த ஆசிரியரின் கை தென்படத் தொடங்கும்.