ரயில் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

அடுத்த முறை திருச்சிக்கோ மதுரைக்கோ ரயில் டிக்கெட் எடுக்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் ஒரு வரியைக் கவனியுங்கள். பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதம் மட்டுமே ரயில்வேக்குத் திரும்ப வருகிறது என்று சில ஆண்டுகளாகப் போட்டு வருகிறார்கள். படித்தால் நமக்கு ஏதோ தர்மம் செய்வது போலத் தோன்றும். வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் காலம் தள்ளியவனுக்கு வேறு இரண்டு கேள்விகள் தோன்றும். மீதி 43 ரூபாயை யார் கொடுக்கிறார்கள்? அந்த 100 ரூபாய்ச் செலவு நியாயமான செலவுதானா என்று யார் சரிபார்த்தார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நிலக்கரி, சிமெண்ட், உரம், தானியம் ஏற்றும் சரக்கு ரயில்களின் லாபத்திலிருந்து பயணி ரயிலின் நஷ்டம் ஈடுகட்டப்படுகிறது. அந்தச் சரக்குக் கட்டணம் சிமெண்ட் மூட்டையின் விலையிலும் மின்சாரக் கட்டணத்திலும் ஏறி நம்மிடமே வருகிறது. ரயில் ஏறாதவரும் ரயிலுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்குத்தான் ஒரு சரித்திரம் இருக்கிறது.

லாபம் அங்கே, ஜாமீன் இங்கே

தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நடத்தியது லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அந்தக் காலத்துக் கம்பெனிகளுக்கு அரசு நிலத்தை இலவசமாகக் கொடுத்தது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானம் வரும் என்றும் உத்தரவாதம் கொடுத்தது. வருமானம் குறைந்தால் மீதியை அரசு கஜானா கட்டும். கஜானா என்றால், பெரும்பங்கு நிலவரி கட்டிய விவசாயியின் பணம்.

கண்காணிப்பு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு செலவையும் அனுமதிக்க அரசு தரப்பில் கன்சல்டிங் இன்ஜினியர் இருந்தார். ஆனால் சிக்கனமாக இருக்க வேண்டிய காரணம் கம்பெனிக்கு இல்லையே! மைலுக்கு 8,000 பவுண்டு ஆகும் என்று போட்ட மதிப்பீடு, 1860-களின் இறுதியில் ஏறத்தாழ 18,000 பவுண்டில் வந்து நின்றது. இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த மாஸ்ஸி என்பவரே 1872-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் குழுவின் முன் இந்த ஊதாரித்தனத்தைச் சாட்சியமாகச் சொன்னார். கடன் வாங்கியவனுக்கு லாபம், ஜாமீன் போட்டவனுக்கு நஷ்டம் என்றால் கடன் வாங்கியவன் கணக்குப் பார்ப்பானா? கையெழுத்துப் போட ஒரு அதிகாரி இருந்தால் மட்டும் கண்காணிப்பு ஆகிவிடாது என்பது இதில் முதல் பாடம்.

வலங்கைமான்காரர் இருந்த குழு

1905-ல் ரயில்வே வாரியம் வந்தது. ஆனாலும் பணம் அரசின் பொது பட்ஜெட்டுக்குள்தான் இருந்தது. மழை பொய்த்தால் வரி குறையும்; உடனே நிதித்துறை ரயில்வேயின் செலவில் கை வைக்கும். மார்ச் 31-க்குள் செலவழியாத பணம் காலாவதியாகும். பாலத்தை மாற்றும் வேலை மூன்று வருடம் பிடிக்கும் என்றால் மூன்று முறை பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்தபோது தண்டவாளம், வேகன், பாலம் எல்லாம் தேய்ந்துபோய்க் கிடந்தன.

என்ன செய்வது என்று சொல்ல 1920-ல் சர் வில்லியம் ஆக்வொர்த் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் உறுப்பினர்களில் ஒருவர் தஞ்சை மாவட்டம் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. ரயிலைக் கம்பெனிகளே நடத்துவதா, அரசே நடத்துவதா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. அரசே நடத்தட்டும் என்ற பக்கத்தில் தலைவரும் நின்றார். ரயில்வேயின் கணக்கைப் பொதுக் கணக்கிலிருந்து பிரிக்க வேண்டும் என்றும் 1921-ல் அறிக்கை சொன்னது.

1924 செப்டம்பர் 20-ல் மத்திய சட்டசபை அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன்படி ரயில்வே தன் முதலீட்டில் 1 சதவீதமும், உபரியில் ஐந்தில் ஒரு பங்கும் அரசுக்குக் கொடுக்க வேண்டும். தேய்மானத்துக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். செலவுத் திட்டங்களை முன்கூட்டியே பார்க்க உறுப்பினர்களைக் கொண்ட நிதிக் குழு ஒன்று இருக்கும். தனி ரயில்வே பட்ஜெட் பிறந்த கதை இதுதான்.

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1930-களின் பொருளாதார மந்தத்தில் ரயில்வேயால் அரசுக்குக் கட்ட முடியவில்லை. தேய்மான நிதியிலிருந்தே கடன் எடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் புதிய ஏற்பாடு வந்தது. பொதுமக்கள் பணத்தில் போட்ட மூலதனத்துக்கு ரயில்வே ஆண்டுதோறும் 4 சதவீதம் டிவிடெண்ட் கட்ட வேண்டும். அப்போது ரயில்வே அமைச்சர் தமிழரான என். கோபாலசாமி அய்யங்கார். அவர் காலத்தில்தான் பழைய ரயில்வேக்கள் மண்டலங்களாக மாறின. 1951 ஏப்ரல் 14-ல் முதலில் உருவானது நம் தெற்கு ரயில்வே.

நம் தொகுதி எம்.பி.யும் அரியலூரும்

கண்காணிப்பு என்பது ரூபாய்க் கணக்கு மட்டும் இல்லை. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பாதிக்கப்பட்டு தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி. அழகேசன் என்பதும், அவர் 1952 தேர்தலில் செங்கல்பட்டுத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் என்பதும் நம் இளைய தலைமுறை பலருக்குத் தெரியாது. அந்த விபத்தை வைத்து எதிர்க்கட்சியினர் எழுப்பிய கோஷங்கள் 1957 தேர்தல் மேடைகளில் முழங்கியதைப் பெரியவர்கள் சிலர் கேட்டிருப்பீர்கள்.

ஒரு விபத்துக்கு அமைச்சர் பொறுப்பேற்பது பெரிய விஷயம். அதைவிடப் பெரியது, தவறு எங்கே என்று ரயில்வேக்கு வெளியிலிருந்து ஒருவர் சொல்வது. ரயிலை ஓட்டுபவரே பாதுகாப்பையும் சோதிக்கக் கூடாது என்ற கொள்கைப்படி, 1941-லேயே பாதுகாப்பு ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்துவிட்டார்கள். இன்றும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறார். புதிய பாதையில் பயணிகளை ஏற்ற வேண்டுமென்றால் அவர் பார்த்து அனுமதி தர வேண்டும். 2024 நவம்பரில் புதிய பாம்பன் பாலத்தைச் சோதித்த ஆணையர், வடிவமைப்பு முறையிலும் வேலையிலும் இருந்த குறைகளை எழுத்தில் வைத்தார். பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. பாலம் கட்டிய துறையின் குறையை வேறு துறைக்காரர் எழுதி வைக்க முடிந்தது என்பதுதான் இதில் நமக்கு முக்கியம்.

2017-க்குப் பிறகு

92 ஆண்டுகள் நடந்த தனி ரயில்வே பட்ஜெட்டை 2017-ல் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். நிதி ஆயோக் உறுப்பினர் விவேக் தேவ்ராய் தலைமையிலான குழு சொன்ன யோசனை அது. அவர்கள் சொன்ன காரணத்திலும் நியாயம் உண்டு. ரயில்வே பட்ஜெட் என்றால் எந்த ஊருக்குப் புது ரயில் என்று அறிவிக்கும் திருவிழாவாகத்தான் கடைசியில் ஆகியிருந்தது. சேர்த்ததால் டிவிடெண்ட் கட்டும் சுமையும் ரயில்வேக்குப் போயிற்று.

போனது இன்னொன்றும் உண்டு. வருடத்தில் ஒரு நாள் நாடு முழுவதும் ரயில் கணக்கைப் பற்றிப் பேசும், டீக்கடையில்கூடப் பேசுவார்கள். இப்போது அந்த நாள் இல்லை. மிஞ்சியிருப்பது தணிக்கையும் நாடாளுமன்றக் குழுக்களும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜி, எழுதியதில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: 2017-18-ல் 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் 44 காசு செலவு என்று ரயில்வே காட்டியது. வேறு இரண்டு அரசு நிறுவனங்களிடம் முன்பணமாக வாங்கியதைக் கழித்தால் செலவு 102 ரூபாய் 66 காசு என்றது தணிக்கை. மார்ச் 31-ஐ நோக்கி டெபாசிட் திரட்டும் பழக்கத்தைப் பார்த்த வங்கிக்காரர்களுக்கு இது புதிதல்ல.

இரண்டு: 2019-20-ல் காட்டியது 98.36. பென்ஷனுக்கு உண்மையில் கொடுத்த தொகையைச் சேர்த்தால் 114.35.

மூன்று: 2017-ல் பாதுகாப்புக்கென்று ஐந்தாண்டுக்கு 1 லட்சம் கோடி ரூபாயில் தனி நிதி அறிவித்தார்கள். முதல் நான்கு ஆண்டில் ரயில்வே தன் சொந்த வருமானத்திலிருந்து அதில் போட வேண்டியது 20,000 கோடி. போடாமல் விட்டது 15,775 கோடி. செலவு ரசீதுகளைச் சோதித்தபோது பீங்கான் பாத்திரமும் கால் பிடித்துவிடும் கருவியும்கூட அந்த நிதிக் கணக்கில் இருந்தன. 2022 டிசம்பரில் இந்த அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது.

தணிக்கையாளர் தன் வேலையைச் செய்துவிட்டார். ஆனால் சிஏஜி யாரையும் தண்டிக்க முடியாது, எழுதத்தான் முடியும். நாடாளுமன்றக் குழுவும் சிபாரிசுதான் செய்ய முடியும். இதற்கு நம் குடியிருப்பிலேயே பலருக்குச் சொந்த அனுபவம் உண்டு. 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த மூத்தோர் சலுகை 2020 மார்ச் 20 முதல் நின்றுவிட்டது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலுமாவது திரும்பக் கொடுப்பதைப் பரிசீலியுங்கள் என்று ரயில்வேக்கான நிலைக்குழு சொன்னது. எல்லாப் பயணிக்கும் ஏற்கெனவே மானியம் தருகிறோமே என்பது அரசின் பதில். டிக்கெட்டில் உள்ள 57 சதவீத வரிக்கு உபயோகம் இதுதான்.

நம் ஊருக்கு 1

திருக்கழுக்குன்றத்தில் தண்டவாளம் இல்லை. ரயில் என்றால் 14 கிலோமீட்டர் தள்ளி செங்கல்பட்டுதான். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை சுமார் 179 கிலோமீட்டர் கடற்கரைப் பாதைக்கு ஒப்புதல் கிடைத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அது வந்தால் மாமல்லபுரம் நமக்குப் பக்கத்து ஸ்டேஷன்.

பட்ஜெட்டோடு ரயில்வே வெளியிடும் 'பிங்க் புக்' என்ற புத்தகத்தில் ஒவ்வொரு பாதைக்கும் எவ்வளவு ஒதுக்கீடு என்று இருக்கும். தொகைகள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் அச்சாகும். சில ஆண்டுகளில் நம் கடற்கரைப் பாதைக்கு எதிரே இருந்த எண் 1. அதாவது ஆயிரம் ரூபாய். அந்தப் புத்தகத்தில் அச்சிடக்கூடிய மிகச் சிறிய தொகை அது. திட்டம் செத்துவிட்டது என்று சொல்லாமல், உயிரோடும் விடாமல் கணக்கில் தலைப்பை மட்டும் வைத்திருப்பார்கள். வங்கியில் மினிமம் பேலன்ஸ் வைத்திருக்கும் கணக்கு போல. திட்டம் இருக்கிறதா என்று கேட்டால் 'இருக்கிறது' என்பார்கள், பொய்யும் இல்லை.

மலைமேல் கழுகு வருகிறதா என்று உச்சி வெயிலில் காத்திருந்து பார்த்த ஊர் நம்முடையது. வருடத்துக்கு ஒரு முறை ஒரு வரியைப் பார்ப்பது நமக்குக் கஷ்டமில்லை.

பிப்ரவரியில் பட்ஜெட் வந்த சில நாட்களில் பிங்க் புக் ரயில்வேயின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தெற்கு ரயில்வே பக்கத்தைத் திறந்து நம் பாதையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சங்கத்தின் பெயரில் காஞ்சிபுரம் தொகுதி எம்.பி.க்கு ஒரு பக்கக் கடிதமாக எழுதலாம். மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் போய்ச் சேர்ந்தால் அவருக்கும் உபயோகமாக இருக்கும். பதில் போதவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, சென்ற ஆண்டு அந்தத் தலைப்பில் உண்மையில் எவ்வளவு செலவானது என்று கேட்கலாம். கடிதத்துக்கும் மனுவுக்கும் நான் வரைவு எழுதித் தருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.