தியாகராயச் செட்டியார், சர் பிட்டி (1852–1925)

வர்த்தகத் துறையிலிருந்து சென்னை மாகாணச் சட்டசபைக்கு வந்தோருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார். தெலுங்கு பேசும் தேவாங்கர் குலத்தில் 1852 ஏப்ரல் 27-ஆம் நாள் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பி. ஏ. பட்டம் பெற்ற இவர், அக்காலத்துப் பட்டதாரிகள் நாடிய சர்க்கார் உத்தியோகத்தையோ வக்கீல் தொழிலையோ நாடாது, குலத்தொழிலாகிய நெசவையே மேற்கொண்டார்.

அவருடைய நெசவுச்சாலையில் ஏறக்குறைய நூறு கைத்தறிகள் இயங்கின. குழியில் காலிட்டு அமர்ந்த நெசவாளி, நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பற்றும் பழைய முறையில், துணியின் அகலம் அவன் கை எட்டும் அளவைக் கடவாது. கயிற்றைச் சுண்டிய மாத்திரத்தில் நாடா ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தானே ஓடும் விசைநாடாத் தறியை இம்மாகாணத்தில் முற்படக் கைக்கொண்டோருள் அவர் ஒருவர். 1909-இல் தென்னிந்திய வர்த்தக சபையை ஸ்தாபித்தவர்களிலும் அவரே முதல்வர்.

பொதுவாழ்வில் அவர் பயின்ற பள்ளி சென்னை நகரசபை. 1882 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் அதன் அங்கத்தினராக இருந்து, உத்தியோகஸ்தரல்லாத முதல் தலைவராகவும் உயர்ந்தார். ஆயிரம்விளக்கிலிருந்த நகரசபைப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் நண்பகல் உணவு அளிப்பதென்று 1920 செப்டம்பரில் நகரசபை தீர்மானித்தது அவருடைய தலைமையிலேயே. பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதை ஓர் அரசியல் ஸ்தாபனம் ஒப்புக்கொண்டு வரிப்பணத்தைச் செலவிட முன்வந்த இச்செயலையே, அவர் செய்தவற்றுள் தலையாயதாகக் கொள்ளல் தகும்.

1916 நவம்பரில் டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் நடேச முதலியார் முதலானோருடன் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவினார். அடுத்த மாதம் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை அவர் கையொப்பம் தாங்கியது. ‘ஜஸ்டிஸ்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் பெயரால் நீதிக்கட்சி என்றே மக்கள் வழங்கிய இச்சங்கம், இரட்டையாட்சிச் சீர்திருத்தத்தின்கீழ் 1920-இல் நடந்த முதல் தேர்தலில், தேர்ந்தெடுக்கப்பட்ட 98 ஸ்தானங்களில் 63-ஐக் கைப்பற்றியது. மந்திரிசபை அமைக்குமாறு கவர்னர் வில்லிங்டன் பிரபு அழைத்தபோது, செட்டியார் பதவியை ஏற்க மறுத்து, கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியாரை முன்னிறுத்தினார். முதன்மந்திரிப் பதவி வாசலில் வந்து நின்ற வேளையில் அதை வேண்டாமென்று பிறருக்கு விட்டுக்கொடுத்தவர் நம் நாட்டுச் சரித்திரத்தில் மிகச் சிலரே.

பதவியைத் துறந்தாரேயன்றிச் செல்வாக்கைத் துறந்தாரல்லர். சட்டசபை உறுப்பினராக இருந்தபடியே கட்சியை அவர் தம் வசத்தில் வைத்திருந்தார். கட்சி ஒரு சிலர் விருப்பப்படியே நடக்கிறது என்ற குறை, 1923-இல் சி. ஆர். ரெட்டி முதலியோர் பிரிந்து சென்றபோது வெளிப்பட்டது. அதனை முற்றும் ஆதாரமற்றதென்று தள்ளிவிடுதல் இயலாது. ஆனால் அவர் மறைவுக்குப் பின் கட்சி எய்திய தளர்ச்சியை நோக்குங்கால், அதன் பலதிறப்பட்ட தலைவர்களை ஒருங்கு பிணித்து வைத்தது அவ்வுறுதியே என்பதும் புலனாகும்.

1925 ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் காலமானார். அக்காலத்தில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து எழுந்த குடியிருப்புக்குத் தியாகராய நகர் என்று அவர் பெயரே இடப்பட்டது.