காணொலிக் குறியாக்கத்தில் வன்பொருள் முடுக்கம்: ஒரு தடங்கலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் காணொலி தடங்கித் தடங்கி ஓடும்போது, ‘கணினி பழையது, வேகம் போதாது’ என்னும் விளக்கமே பெரும்பாலும் கூறப்படுகிறது. 1974 முதல் 2022 வரையிலான குறியாக்க முறைகளின் வரலாற்றையும் அவற்றிற்கென உருவான சில்லுகளின் வரலாற்றையும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, அவ்விளக்கம் முழுமையற்றது என்பதை எடுத்துரைக்கிறது. ஒரு தரநிலை வெளியாகும் காலத்திற்கும், அதனைக் கையாளும் மின்சுற்று பயனரின் கணினிக்குள் வந்துசேரும் காலத்திற்கும் உள்ள இடைவெளியே தடங்கலுக்கு முதன்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: காணொலி, குறியாக்கம், குறிவிலக்கம், வன்பொருள் முடுக்கம், தரநிலை, எண்ணிம ஆவணம்.

முன்னுரை

காணொலி என்பது அடுத்தடுத்துக் காட்டப்பெறும் நிலைப்படங்களின் தொடராகும். நொடிக்கு 30 சட்டகங்கள் கொண்ட காணொலியில் ஒவ்வொரு சட்டகத்தையும் ஆயத்தப்படுத்தக் கணினிக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 33 மில்லிநொடி. அதற்குள் பணி முடியாவிடில் அச்சட்டகம் கைவிடப்படும். அல்லது முந்தைய சட்டகமே திரையில் நீடிக்கும். இதனையே கண் தடங்கலாக உணர்கிறது.

1920×1080 படப்புள்ளிகள் கொண்ட காணொலியைச் சுருக்காமல், புள்ளி ஒன்றுக்கு 24 பிட் வீதம் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட் தேவைப்படும். ஆகவே தரவுச்சுருக்கம் இன்றியமையாததாகிறது. படத்தைச் சுருக்கி எழுதுவது குறியாக்கம்; சுருக்கியதை மீண்டும் படமாக்குவது குறிவிலக்கம். சேமிப்பிடத்தில் மிச்சமாவது கணக்கீட்டுப் பணியாகக் கூடுகிறது. அப்பணியைப் பொதுச் செயலி செய்வதா, தனி மின்சுற்று செய்வதா என்னும் வினாவே இவ்வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

தனி அட்டைகளின் காலம்

நசீர் அகமது, டி. நடராசன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட தொடரிலாக் கோசைன் உருமாற்றம் காணொலிச் சுருக்கத்திற்கு அடித்தளமாயிற்று. ஒரு சட்டகத்திற்கும் அடுத்ததற்கும் இடையே இடம்பெயர்ந்த பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்ளும் அசைவு ஈடுசெய்தல் முறை அதனுடன் இணைந்தது. எச்.261 (1988), எம்பெக்-1 (1993), அதனையடுத்த எம்பெக்-2 ஆகியன இவ்விரு முறைகளின்மீது எழுந்த தரநிலைகளே.

1991இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட குவிக்டைம், காணொலியை மென்பொருளாலேயே காட்டியது. ஆயினும் அக்காலச் செயலிகளால் அஞ்சல்தலை போன்ற சிறு சாளரத்தையே நிரப்ப முடிந்தது. முழுத்திரையில் எம்பெக்-1 காண விரும்பியோர் ரீல்மேஜிக் போன்ற தனி அட்டைகளைக் கணினியில் பொருத்தினர். 1996இல் சப்பானில் டிவிடி அறிமுகமானபோதும் இந்நிலையே தொடர்ந்தது. தொடக்ககால டிவிடி இயக்ககங்கள் பல, குறிவிலக்க அட்டையுடன் சேர்த்தே விற்கப்பட்டன. 1997இல் இன்டெல் நிறுவனம் பல்லூடகப் பணிக்கென 57 புதிய கட்டளைகளைப் பென்டியம் செயலியில் சேர்த்தது. செயலிகளின் வேகமும் உயர்ந்தமையால் தனி அட்டைகள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தன.

வரைகலைச் சில்லுக்குள் புகுந்த மின்சுற்று

பொதுச் செயலியின் வெற்றி நிலைக்கவில்லை. 2003இல் வெளியான எச்.264, முந்தைய தரநிலைகளைவிடக் குறைந்த பிட் அளவில் நல்ல படத்தைத் தந்தது. அதற்கேற்பக் கணக்கீட்டுச் சுமையும் பன்மடங்காயிற்று. 2006இல் புளூ-ரே வட்டுகள் வந்தபின் உயர்பிரிதிறன் படங்கள் அக்காலச் செயலிகள் பலவற்றைத் திணறடித்தன. குறிவிலக்கப் பணி முழுவதையும் ஏற்கும் மின்சுற்றுகள் 2007 முதல் என்விடியா, ஏடிஐ நிறுவனங்களின் வரைகலைச் சில்லுகளில் இடம்பெற்றன.

2012இல் வெளியான ராசுபெரி பை கணினி இம்மாற்றத்திற்குத் தெளிவான சான்றாகும். அதன் செயலி 700 மெகாஹெர்ட்சு வேகமே உடையது. எனினும் 1080 வரிகள் கொண்ட எச்.264 காணொலியை அது தடங்கலின்றிக் காட்டியது. பணியைச் செய்தது செயலியன்று, சில்லுக்குள் இருந்த தனி மின்சுற்றே. அதே கணினியில் பழைய எம்பெக்-2 காணொலிக்கு வன்பொருள் முடுக்கம் பெற 2.40 பவுண்டு செலுத்தி உரிமத் திறவுகோல் வாங்க வேண்டியிருந்தது. தடங்கலுக்குப் பொறியியல் மட்டுமன்றிக் காப்புரிமையும் காரணமாகலாம் என்பதை இது காட்டுகிறது.

குறியாக்கத்திற்கான மின்சுற்றுகள்

குறியாக்கம் குறிவிலக்கத்தினும் கடினமானது. படத்தின் ஒரு பகுதி எங்கிருந்து எங்கு நகர்ந்தது என்பதைக் குறிவிலக்கி படித்தறிந்தால் போதும். குறியாக்கியோ பல வாய்ப்புகளை ஒப்பிட்டுத் தேடிக் கண்டறிய வேண்டும். இத்தேடலுக்கான மின்சுற்று 2011இல் இன்டெல்லின் குவிக் சிங்க் வாயிலாகவும், 2012இல் என்விடியாவின் என்வென்க் வாயிலாகவும் பொதுப்பயனரை அடைந்தது. ஏஎம்டி நிறுவனமும் அக்காலத்திலேயே இத்துறையில் நுழைந்தது.

இங்கு ஒரு விட்டுக்கொடுப்பு உண்டு. மின்சுற்றின் தேடல் எல்லை வடிவமைப்பின்போதே வரையறுக்கப்படுகிறது. எக்ஸ்264 போன்ற மென்பொருள் குறியாக்கிகள் நேரம் எடுத்துக்கொண்டு விரிவாகத் தேடுவதால், ஒரே பிட் அளவில் பொதுவாக மேலான படத்தைத் தருகின்றன. உடனடி ஒளிபரப்பிற்கும் திரைப்பதிவிற்கும் வன்பொருள் ஏற்றது. நிலையான சேமிப்பிற்கு மென்பொருள் ஏற்றது என இதனைத் தொகுத்துரைக்கலாம்.

தரநிலைக்கும் சில்லுக்கும் இடைவெளி

2013இல் எச்.265 நிறைவுபெற்றது. அதன் 8 பிட் வகைக்கான குறிவிலக்க மின்சுற்று இன்டெல் செயலிகளில் 2015இல் வந்தது. 10 பிட் வகைக்கு 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. காப்புரிமையாளர்கள் மூன்று குழுக்களாகப் பிரிந்து நின்றமையால் உரிமச் சிக்கலும் எழுந்தது. உரிமக் கட்டணமற்ற மாற்றை நாடிய நிறுவனங்கள் 2015இல் கூட்டமைப்பு ஒன்றை நிறுவி, 2018இல் ஏவி1 முறையை வெளியிட்டன. மேசைக்கணினி, மடிக்கணினிச் சில்லுகளில் ஏவி1 குறிவிலக்கம் 2020இலும், குறியாக்கம் 2022இலும் இடம்பெற்றன.

ஒரே தரநிலைக்குள்ளும் இவ்விடைவெளி உண்டு. எச்.264இன் 10 பிட் வகையைப் பெரும்பாலான வரைகலைச் சில்லுகள் ஏற்பதில்லை. எனவே ‘எச்.264 ஆதரவு உண்டு’ என அறிவிக்கப்பட்ட கணினியிலும் அத்தகைய கோப்பின் சுமை பொதுச் செயலியின்மீதே விழுகிறது.

தடங்கலை நீக்கும் நெறி

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒரு நடைமுறை ஒழுங்கைப் பெறலாம்.

1. கோப்பின் தரநிலை, வகை, பிட் ஆழம் ஆகியவற்றை முதலில் அறிதல் வேண்டும். எம்பி4 என்பது கொள்கலத்தின் பெயரேயன்றிக் குறியாக்கத்தின் பெயரன்று.

2. குறிவிலக்கத்தைச் செய்வது எது எனக் காணவேண்டும். விண்டோசு பணி மேலாளர் வரைகலைச் செயலியின் காணொலிக் குறிவிலக்கப் பயன்பாட்டைத் தனியே காட்டுகிறது. காணொலி ஓடும்போது அது அசையாதிருக்க, மையச் செயலி மட்டும் உச்சத்தில் நின்றால் வன்பொருள் முடுக்கம் செயற்படவில்லை எனலாம்.

3. ஆதரவிருந்தும் செயற்படாவிடில் இயக்கி மென்பொருளைப் புதுப்பித்து, இயக்கியிலோ உலாவியிலோ முடுக்கம் அணைக்கப்பட்டுள்ளதா என நோக்க வேண்டும். ஆதரவே இல்லையெனில் 8 பிட் எச்.264 படியொன்றை உருவாக்குவதே தக்க தீர்வு.

எல்லாத் தடங்கலும் குறிவிலக்கத்தால் விளைவதன்று. இணைய வேகக்குறைவு ஒரு காரணம். நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட படத்தை 60 முறை புதுப்பிக்கும் திரையில் காட்டுகையில், சட்டகங்கள் மாறிமாறி மும்முறையும் இருமுறையும் தோன்றுவதால் எழும் அதிர்வு மற்றொன்று. இவற்றை விலக்கிய பின்னரே வன்பொருளை ஆராய்தல் முறையாகும்.

முடிவுரை

பொதுச் செயலி, தனி மின்சுற்று ஆகியவற்றிற்கிடையே காணொலிப் பணி மாறிமாறிச் சென்றுள்ளது. ஒவ்வொரு புதிய தரநிலையும் பழைய மின்சுற்றுகளைப் பயனற்றதாக்காவிடினும், தன்னளவில் அவற்றைப் புறந்தள்ளுகிறது. சில்லில் பொறிக்கப்பட்ட மின்சுற்றைப் பின்னாளில் திருத்த இயலாது. கோப்பை மட்டுமே மாற்ற இயலும். இவ்வுண்மை, களப்பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் காணொலியாகச் சேமிக்கும் ஆய்வாளர்க்கு நேரடிப் பொருளுடையது. புதிய முறையில் குறியாக்கம் செய்த பதிவு சேமிப்பிடத்தைக் குறைக்கும். ஆனால் பழைய கணினியையே நம்பியிருக்கும் மாணவருக்கு அதன் பயன் முழுமையாகச் சென்றடையாது. ஆகவே மூலப்பதிவை உயர்தரத்தில் மாற்றமின்றிக் காப்பதும், பார்வைக்கெனப் பரவலாக ஏற்கப்பட்ட 8 பிட் எச்.264 படியைத் தனியே வழங்குவதும் ஆவணக் காப்பகங்கள் பின்பற்றத்தக்க நெறியாகும். குறியாக்கத் தேர்வு என்பது, ஓர் ஆவணத்தை யார் காண இயலும் என்பதை முடிவுசெய்யும் தேர்வுமாகும்.