உச்சி வெயிலில் ஒரு வரைபடம்

ஆதிச்சநல்லூர் பரம்பில் மதியம் பன்னிரண்டரை மணிக்கு நின்றுகொண்டு, நானே எழுதிய மேப் ஆப்பை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஆபீஸ் ஏசியில் அழகாகத் தெரிந்த இளஞ்சாம்பல் கோடுகள் எல்லாம் வெயிலில் மாயம். பிரைட்னஸை ஏத்தினேன், போன் கொதித்துத் திரை தானாகவே மங்கிவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர், "தம்பி, அதப் பைக்குள்ள போடுங்க. அந்தா ஒத்தப் பனை நிக்கில்லா, அதப் பாத்துப் போங்க" என்றார். போனேன், வழி சரியாகத்தான் இருந்தது.

வெயிலுக்கும் வரைபடத்துக்குமான சண்டை பழசு. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலையை ஒட்டி சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்தார். கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. எஃகு சூட்டில் நீளும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் ஒரு சங்கிலிக்கு மூன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஏழரை மைலுக்குக் கிட்டத்தட்ட 400 சங்கிலி, ஆக மொத்தம் ஒன்றரை மீட்டர் பிழை! அதனால்தான் சங்கிலிக்குப் பக்கத்திலேயே வெப்பமானி வைத்து அளந்தார்கள். போனுக்கு யார் கூடாரம் போடுவது?

தெற்கே இறங்க இறங்க அவருக்கு வேறு தொல்லை. காவிரிச் சமவெளியில் ஏறி நின்று பார்க்க மலை கிடையாது, கோயில் கோபுரங்கள்தான். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கிவிட்டது. மனுஷன் அதைத் தட்டி நிமிர்த்திச் சரிசெய்து, திருநெல்வேலி வழியாகக் குமரிமுனை வரை முக்கோணங்களைக் கொண்டுபோனார். என் ஆப் கிராஷ் ஆகும்போதெல்லாம் இந்தக் கதையை நினைத்துக்கொள்வேன்.

அந்த அளவையின் மேல் எழுந்தவைதான் சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட்கள். பாபநாசம் 58எச்/6, திருநெல்வேலி 58எச்/10, ஆதிச்சநல்லூர் 58எச்/14, கொற்கை 58எல்/2. நாலு ஊருக்கு நாலு ஷீட்! ஆற்றங்கரைக் காற்றில் அதை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் கஷ்டம்.

மொபைலில் இது ஒரே திரை, ஆனால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும். 75 கிமீ நீளம், 25 கிமீ அகலம் கொண்ட பள்ளத்தாக்குக்கு ஜூம் 16-ல் மட்டும் சுமார் 5,000 டைல்கள். ஒவ்வொரு ஜூமுக்கும் எண்ணிக்கை நாலு மடங்கு ஆகும். எனவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்து வெக்டர் டைலாக நானே கட்டினேன். வெள்ளைப் பின்னணி, தடித்த கறுப்புக் கோடு, வியர்த்த கட்டைவிரலுக்கு ஏற்ற பெரிய பட்டன். பெரியவர் சொன்ன பாடத்தால் கால்வாய், மடை, குளம், தனிப்பனை எல்லாம் சாலைப் பெயருக்கு முந்தி வந்தன. பார்க்க அழகில்லை. வெயிலில் தெரிகிறது, அது போதும்.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் இங்கே தோண்டியபோதே, முதுமக்கள் தாழிகள் ஆதிச்சநல்லூரோடு நிற்கவில்லை, ஆற்றங்கரை நெடுக இருக்கின்றன என்று கண்டார். இன்றும் மழைக்குப் பின் வேலியில்லாத மேடுகளில் தாழி விளிம்புகள் வட்டம் வட்டமாகத் தலைகாட்டும். நான் நடந்து குறித்தவற்றை முதல் பதிப்பில் அப்படியே போட்டிருந்தேன். மொபைல் ஜிபிஎஸ் திறந்தவெளியில் ஐந்து மீட்டர் சுத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆறு மாதம் கழித்து அதில் ஒரு மேட்டுக்குப் போனால், பின் வைத்த இடத்தில் இடுப்பளவுக் குழி. மண்ணுக்காக வெட்டினார்களா, தாழிக்காகவா தெரியாது. ஆப்பைப் பார்த்து வந்திருக்கவும் வேண்டாம். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதலில் புள்ளியைத் திரையில் மட்டும் மறைக்கலாம் என்று நினைத்தேன். ஆப் கோப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவனுக்கும் உள்ளே இருக்கும் ஆயத்தொலைவு கிடைத்துவிடும், பிரயோஜனமில்லை. இப்போது ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மாதிரி எல்லோருக்கும் தெரிந்த அகழாய்வு இடங்கள் மட்டும் துல்லியமாக இருக்கின்றன. மற்றவை பில்டிலேயே சேராது.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது கைதட்டிப் பதிவு போட்டவன் நான். விடுபட்ட புள்ளிகள் என் வீட்டு நோட்டில் பென்சிலால் எழுதிக் கிடக்கின்றன. தொல்லியல் துறைக்கு அனுப்ப ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.