கொடையும் கணக்கும்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபின், சோழமண்டலக் கரையினின்று தமிழர் பலர் அங்குக் குடியேறினர். ஜார்ஜ் டவுனில் தங்க வீடு மட்டும் போதவில்லை. கூடித் தொழவும் பொதுவிடம் வேண்டியிருந்தது.

1801இல் பள்ளிவாசலுக்கெனக் கும்பெனி 18 ஏக்கர் நிலம் வழங்கியது. தமிழ் முஸ்லிம்களின் தலைவரான காதர் முகையதீன் முன்னின்று அமைத்ததே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1833இல் குவீன் வீதியில் மாரியம்மன் கோயில் எழுந்தது. நிலம் கும்பெனியுடையது, எழுப்பிய உழைப்பும் பொருளும் குடியேறிய மக்களுடையவை.

தொடங்குவதற்கு ஆர்வம் போதும். நிலைப்பதற்கு ஒழுங்கு வேண்டும். கொடுத்தவர் மறைந்தபின் கேள்வி கேட்பார் குறைந்தனர். பள்ளிவாசல் நிலத்தில் குடிசைகள் நெருங்கின. கொடைச் சொத்துகளின் நிருவாகம் சீர்கெட்டது. ஆகவே, 1905இல் அரசு முகமதிய இந்து அறநிலையச் சட்டத்தை இயற்றியது. சீர்திருத்தம் வந்தது, ஆயினும், ஊரார் கையிலிருந்த பொறுப்பு அரசு நியமித்த வாரியத்தின் கைக்கு மாறிற்று.

பொதுப்பணியில் இறங்குவோர்க்கு இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றே: கொடுத்தவர் கண்முன் கணக்கை வைப்பதே கொடையைக் காக்கும் வேலி.