பாதியும் அரையும்

திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளியே வருவார். அம்மை இறைவனிடம் இடப்பாகம் பெற்ற தலம் இது. ‘பாதி’ என்ற சொல்லை யோசிக்க இதைவிட நல்ல இடம் ஏது?

‘பகு’ என்ற வினையிலிருந்து பகுதி. அது மருவிப் பாதி. ஒன்றைப் பகுத்தால் வருவது. ‘அரை’ அப்படியல்ல, அது அளவு. அதனால்தான் அரை லிட்டர் பால், அரை மணி நேரம் என்கிறோம். இடுப்புக்கும் அரை என்று பெயர், உடம்பின் நடு அது. அரைஞாண் கட்டுவது அங்கேதான்.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மழை பிடித்துக்கொண்டால், “கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டது” என்கிறோம். அதையே “பாதிப் பேர் போய்விட்டார்கள்” என்றும் சொல்கிறோம். பின்னம் ஒன்றுதான், ‘பேர்’ வந்ததும் வினை உயர்திணைப் பன்மையாகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் பாதி நீர் என்றால் வினை ஒருமை, பாதி மக்கள் என்றால் பன்மை. அங்கும் வினையைத் தீர்மானிப்பது பின்னமல்ல, பெயர்தான். ஆனால் ‘அரைப் பேர்’ என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். ஆளைப் பகுக்கலாகாது, கூட்டத்தைத்தான் பகுக்கலாம்!

அரைக்கும் கீழே தமிழ் நுணுக்கமாக இறங்கும். கால், அரைக்கால், பிறகு மாகாணி. மா 1/20, காணி 1/80. இரண்டும் சேர்ந்தால் சரியாக 1/16. முந்திரி 1/320. வீட்டுப் பெரியவர்களிடம் மாகாணி வாய்பாட்டை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.