அடிவாங்கிய சாண்டா கிளாஸ்: அதிர்ச்சி ராக் அரங்கமும் வெளியாளின் சாட்சியமும்

1973 டிசம்பர். அமெரிக்க நகரங்களின் பெரிய உள்ளரங்குகளில் ஆலிஸ் கூப்பர் இசைக்குழு தன் விடுமுறைக்காலச் சுற்றுப்பயணத்தை நடத்திக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி முடியும் தறுவாயில் சாண்டா கிளாஸ் வேடமணிந்த ஒருவர் மேடையேறுவார். குழுவினர் அவரைச் சூழ்ந்துகொண்டு அடித்து வீழ்த்துவர், கூட்டம் ஆர்ப்பரிக்கும். அடிவாங்கியவர் நடிகரல்லர். சிகாகோ நாளிதழ் ஒன்றில் பத்தி எழுதிவந்த 26 வயது இளைஞர் பாப் கிரீன். ராக் உலகிற்கு வெளியாளான அவர், அதை உள்ளிருந்து காணும் பொருட்டு அந்த வேடத்தை ஏற்றார். அந்த அனுபவமே 1974இல் 'பில்லியன் டாலர் பேபி' என்னும் நூலாயிற்று.

அதிர்ச்சி ராக்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் சான்று பற்றியது. இக்கலையைக் குறித்து உரக்கப் பேசியோரில் பலர் அரங்கிற்குள் நுழையாதவர்கள். 1969 செப்டம்பரில் டொரண்டோ விழாவொன்றில் மேடைக்கு வந்த கோழியைக் கூப்பர் கூட்டத்தை நோக்கி எறிந்தார். அது பறந்துவிடும் என்று எண்ணியதாகப் பின்னாளில் அவர் கூறினார். பறக்கவில்லை, கூட்டத்தினர் அதைப் பிய்த்தெறிந்தனர். செய்தியோ, பாடகரே கோழியின் தலையைக் கடித்து இரத்தம் குடித்தார் என்று பரவிற்று. அப்போது அவர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த ஃபிராங்க் சாப்பா, இதை மறுக்க வேண்டாம் என அறிவுறுத்தினாராம். வதந்தி விளம்பரமாயிற்று. 1973இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ஆப்ஸ் இக்குழுவை நாட்டிற்குள் அனுமதிக்கலாகாது எனக் கோரினார். ஒழுக்கக் காப்பாளர் மேரி வைட்ஹவுசும் எதிர்ப்பியக்கம் நடத்தினார். அவர்களுக்குப் பூங்கொத்தும் சுருட்டும் அனுப்பி நன்றி தெரிவித்ததாகக் கூப்பர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

உள்ளே நுழைந்து கண்ட வெளியாட்களின் பார்வை வேறு. வாடெவில் மேடையில் வளர்ந்த முதிய நகைச்சுவை நடிகர் கிரவுச்சோ மார்க்ஸ் இந்நிகழ்ச்சியைப் பார்த்துத் தம் பழைய கலையின் தொடர்ச்சியை அதில் கண்டார். மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி மேடைக் கில்லட்டினை வடிவமைத்ததோடு, 1973ஆம் ஆண்டுப் பயணத்தில் பல் மருத்துவராகவும் மரணதண்டனை நிறைவேற்றுபவராகவும் நடித்தார். அச்சத்தைக் கண்டு மிரளாமல், அது எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்று நோக்கியவர்கள் இவ்விருவரும்.

அவர்கள் கண்டது புதுமையன்று. 1897 முதல் 1962 வரை பாரிசில் இயங்கிய கிராண்ட் கினோல் நாடக அரங்கு போலி இரத்தத்தைக் கலையாக்கியிருந்தது. 1950களில் ஸ்கிரீமிங் ஜே ஹாக்கின்ஸ் சவப்பெட்டியிலிருந்து எழுந்து பாடினார். 1968இல் ஆர்தர் பிரவுன் எரியும் தலைக்கவசத்தோடு தோன்றினார். கூப்பர் குழு இவற்றோடு சேர்த்தது ஒரு கதையொழுங்கு. தீயவன் குற்றமிழைப்பான், பொம்மைக் குழந்தையைச் சிதைப்பான், அதற்காகத் தண்டிக்கப்படுவான். 1971இல் மின்நாற்காலி, பின்னர் தூக்குமேடை, 1973இல் கில்லட்டின் எனத் தண்டனை மட்டும் மாறிற்று. இறந்தவன் வெள்ளை உடையில் மீண்டு வருவான். பொம்மை சிதைக்கப்படும் காட்சிக்குரிய பாடல், பெற்றோரின் புறக்கணிப்பால் மடியும் குழந்தையைப் பற்றியது. காட்சியைக் கேள்வியுற்றுக் கண்டித்தோருக்கு அப்பாடலின் பொருள் எட்டவில்லை.

மொழியும் இங்கு ஒரு வேலை செய்தது. 'ஆலிஸ் கூப்பர்' முதலில் குழுவின் பெயர். பாடகரின் பிறப்புப் பெயர் வின்சென்ட் ஃபர்னியர். பின்னர் அவரே அப்பெயரைச் சட்டப்படி ஏற்றார். எனினும் பேட்டிகளில் அவர் ஆலிசை 'நான்' என்று குறிப்பதில்லை. 'அவன்' என்றே படர்க்கையில் பேசுவார். நடிகனுக்கும் வேடத்துக்கும் இடையிலான எல்லையை அந்தப் படர்க்கைப் பெயர் காத்தது. கண்டித்தோர் அழித்தது இந்த எல்லையைத்தான்.

கிரீனின் சாட்சியம் இவ்விரு தரப்பும் காணாத மூன்றாவதொன்றைக் காட்டுகிறது. அதிர்ச்சி என்பது ஓர் அன்றாட உழைப்பு. விடுதியறை, விமானம், சலிப்பு, மது, மறுநாள் மீண்டும் அதே கில்லட்டின். 'பில்லியன் டாலர் பேபிஸ்' இசைத்தட்டு அவ்வாண்டில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றிருந்தது. ஆயினும் குழுவினரில் சிலர் நாடகத்தைக் குறைத்து இசைக்குத் திரும்ப விரும்பினர். அந்த விரிசல் ஆழமாயிற்று. 1974இன் தென்னமெரிக்க நிகழ்ச்சிகளுக்குப் பின் பழைய குழு சுற்றுப்பயணம் செல்லவில்லை. 1975இல் கூப்பர் தனிக்கலைஞராக இசைத்தட்டு வெளியிட்டார்.

நிகழ்த்துகலை நிகழ்ந்தவுடன் மறைகிறது. எஞ்சுவது யார் என்ன எழுதிவைத்தார் என்பதே. அரங்கிற்கு வராதவரின் சினமும் எஞ்சுகிறது, அடிவாங்கியவரின் குறிப்பேடும் எஞ்சுகிறது. முன்னது ஒரு சமூகம் எதற்கு அஞ்சியது என்பதற்குச் சான்று. மேடையில் நடந்தது என்ன என்பதற்குச் சான்றாகாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்ததே இக்கலையின் வரலாற்றெழுத்தில் நெடுநாள் நேர்ந்த பிழை.